பென்னலூருக்கு ரயில் வந்த ஞாயிற்றுக்கிழமை

காசிராஜனுக்கு இதுவரை ஆறு வரன் தட்டிப்போயிருக்கிறது. ஆறையும் தட்டிவிட்டது ஒரே ரயில்தான். அதுவும் ஊர் ரயில் இல்லை, அவனே செய்து அவன் அறைக்குள்ளேயே ஓட்டுகிற ரயில். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கமெல்லாம் ரயில் வரப்போகிறது, வரப்போகிறது என்று டீக்கடைகளில் பேசிப் பேசி வாய் ஓய்ந்துபோனார்கள். இவன் யாரையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. பென்னலூரில் சந்திரம்மாள் வீட்டு வரிசையில் மூன்று அறைகளின் சுவரைக் குடைந்து, போக ஒன்று வர ஒன்று என்று தண்டவாளம் போட்டு, வண்டியை விட்டுவிட்டான்.

முதல் அறை அவன் குடியிருப்பது. அதற்குப் பென்னலூர் சந்திப்பு என்று பெயர். இரண்டாவது அறையில் உச்சிமாகாளி என்ற தூத்துக்குடிக்காரன் இருக்கிறான், டயர் கம்பெனியில் வேலை. அவன் தலைமாட்டில் ஒரகடம் ஸ்டேஷன். மூன்றாவது அறை காலி. அங்கே மறைமலை நகர், இஞ்சின் ஷெட், நிலக்கரி யார்டு எல்லாம். அந்த அறைச் சாவியை வைத்திருக்கும் ரகு, சந்திரம்மாளின் மகன், ஒரகடத்தில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். சுவரில் துளை போட்டதே அவன்தான். ஏசி வரப்போகிறது, குழாய் போக வழி வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டான். இரண்டு வருஷமாகச் சந்திரம்மாள் அந்த ஏசி எப்போதடா வரும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

நிலக்கரி என்று சொன்னேனே, அது கருப்பட்டி. காசிராஜனின் அம்மா திசையன்விளையிலிருந்து மாதாமாதம் காப்பிக்கு அனுப்புவதில் பாதி சரக்கு வண்டிக்குப் போய்விடும். சின்னச் சின்னதாக உடைத்து வேகனில் ஏற்றினால் அசல் நிலக்கரிதான். என்ன, எறும்பு டிக்கெட் இல்லாமல் ஏறிவிடும்.

கட்டில் முழுக்க மலை. தெர்மாகோலை அடுக்கி, சாக்கை விரித்து, சிமெண்டைப் பூசி ஆறடி நீளத்துக்கு எழுப்பியது. நடுவில் குகைப்பாதை. காசிராஜன் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொள்வான். இந்தச் சாம்ராஜ்யத்துக்கெல்லாம் ராணி காந்திமதி. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம் வரும் நீராவி இஞ்சின். செப்புக் குழாயில் கொதிகலன், அடியில் ஸ்பிரிட் விளக்கு. தண்ணீர் கொதித்து, ஆவி கிளம்பி, பிஸ்டனைத் தள்ளி, சக்கரம் சுழன்று நிஜமாகவே ஓடும், விசிலும் அடிக்கும். நான்கு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளை லேத் பட்டறையில் கொட்டி அதைச் செய்திருக்கிறான்.

இதனால் என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எதைப் பார்த்தாலும் அதைத்தான் கேட்பார்கள், விட்டுத்தள்ளுங்கள். காசிராஜன் வேலை பார்ப்பது கார் பாகம் செய்யும் தொழிற்சாலையில், ரோபோ பராமரிப்பு. பதினான்கு ரோபோ. எல்லாவற்றுக்கும் மூடி போட்டிருக்கும். ஒன்று நின்றுபோனால் திரையில் ஒரு நம்பர் வரும், புத்தகத்தில் அந்த நம்பரைத் தேடி, எந்தக் கார்டை மாற்றச் சொல்லியிருக்கிறதோ அதை மாற்ற வேண்டும். ஆறு வருஷமாக அவற்றோடு குடும்பம் நடத்துகிறான், உள்ளே என்னதான் நடக்கிறதென்று ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. பழைய நீராவி இஞ்சினில் அந்த வேலையே கிடையாது. தண்டு, தடி, சக்கரம் எல்லாம் வெளியிலேயே இருக்கிறது. எது எதைத் தள்ளுகிறது என்று உட்கார்ந்து பார்க்கலாம். தாகம் எடுத்தால் தளரும், கோபம் வந்தால் உஸ்ஸென்று முகத்துக்கு நேரே சொல்லிவிடும்.

சரி, அதற்கு மூன்று அறை எதற்கு என்பீர்கள். மேஜைமேல் வட்டமடிப்பது ரயில் இல்லை, ராட்டினம். ரயில் என்றால் கண்ணுக்கு மறைய வேண்டும். அடுத்த அறையில் அது சத்தம் போடுவதைக் கேட்டுக்கொண்டு நாம் காத்திருக்க வேண்டும். வருமா வராதா என்று கொஞ்சம் தவிக்க வேண்டும். பிறகு வர வேண்டும். இதைப் புரியவைக்க அவன் படாத பாடு பட்டிருக்கிறான்.

முதல் பெண்ணின் அண்ணன், எங்கள் தங்கை எங்கே படுப்பாள் என்று கேட்டார். இவன் கட்டிலுக்கு அடியில் கையைக் காட்டினான். மூன்றாவது வரன் போனில் கெட்டது. பெண்ணின் அப்பா கூப்பிட்டபோது உச்சிமாகாளி எடுத்து, அண்ணன் காந்திமதிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கிறார், அப்புறம் பேசுங்கள் என்றான். ஆறாவது பெண் எழிலரசி, ஸ்ரீபெரும்புதூரில் ஹாஸ்டலில் இருப்பவள், நேரிலேயே வந்து பார்த்தாள். பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பில் மலைமேல் நட்டிருந்த இரண்டு மரம் சாய்ந்தது. போய்விட்டாள்.

ஏழாவதாக வந்தவள் சுகப்பிரியா. நாங்குநேரிப் பெண், செல்போன் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவு. ஜாதகம் பெண் வீட்டிலிருந்தே முதலில் வந்தது. மூன்று வாரமாகப் போனில் பேசுகிறார்கள். லீவு நாளில் என்ன செய்வீர்கள் என்று அவள் கேட்டாள். துணி துவைப்பேன் என்றான். வேறு என்றாள். அயர்ன் பண்ணுவேன் என்றான். இதே கேள்வியை அவள் நான்கு தடவை கேட்டாள், இவனும் நான்கு தடவையும் துணியையே துவைத்தான். ஆறு பட்டவன் ஏழாவதில் உண்மை பேசுவானா? அவளை அவனுக்கு அவ்வளவு பிடித்துவிட்டது. அவள் பேசாத நாளில் காந்திமதிக்கு எண்ணெய் விடவே மறந்துபோனான், அதற்குமேல் என்ன சொல்ல.

சுகப்பிரியாவுக்கு அப்பா கிடையாது. தாய்மாமன் சண்முகசுந்தரம் வைத்ததுதான் அந்த வீட்டில் சட்டம். நாங்குநேரியில் உரக்கடை வைத்திருப்பவர். பிள்ளை இருக்கும் இடத்தை ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று தகவல் அனுப்பினார். அவருக்கு இரண்டு விஷயத்தில் பிடிவாதம். சம்பந்தம் முடிவாகும்வரை அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார், ஒரு வாய் தண்ணீர்கூட இறங்காது. சாப்பிட்டுவிட்டால் சரி என்று சொல்லிவிட்டதாக அர்த்தம். அடுத்து, பையனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். மாப்ள என்ற சொல் அவர் வாயில் வந்தால் மண்டபம் பார்க்கக் கிளம்பிவிடலாம். சுகப்பிரியாவின் அக்கா வீட்டுக்காரர் அந்தச் சொல்லுக்காக எட்டு மாதம் காத்திருந்தாராம்.

மலையைக் கழற்றி ஒளிக்கலாம் என்றால் அது கட்டிலோடு சிமெண்டில் ஒட்டிப்போயிருந்தது, வாசலில் நுழையவும் செய்யாது. காசிராஜனுக்குச் சோறு இறங்கவில்லை. ரகுதான் வழி சொன்னான். கம்பெனிக்கு கஸ்டமர் வரும்போது எப்படி ஜோடிப்போம், அப்படி ஜோடித்துவிட்டால் போயிற்று.

இந்தப் பக்கத்தில் வேலை பார்க்காதவர்களுக்கு இது புரியாது. வெளியூர் கஸ்டமர் வருகிறான் என்றால் ஒரு வாரத்துக்குத் தொழிற்சாலையே கல்யாண வீடு. துடைப்பதென்ன, பெயிண்ட் அடிப்பதென்ன, மஞ்சள் கோடு போடுவதென்ன. அதற்கென்று அச்சடித்த பட்டியல் உண்டு, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் டிக் போட ஒரு கட்டம். காசிராஜன் தன் கம்பெனிப் பட்டியலைப் பார்த்துக் கையால் எழுதி ரகுவிடம் கொடுத்தான். இருபத்திரண்டு வரி. ரகு ஒரு பட்டியலைக் கையில் வாங்கிவிட்டால் கடைசி டிக் போடாமல் சோறு தின்னமாட்டான். அவன் குணம் அது.

சனிக்கிழமை முழுக்க வேலை நடந்தது. இடுப்பு உயரத்தில் சுவரைச் சுற்றி ஓடும் தண்டவாளப் பலகைக்கு முன்னால் கொடி கட்டி வரிசையாக வேட்டி தொங்கவிட்டார்கள். துணி துவைக்கும் பிள்ளை என்று பெயர் வாங்கியாயிற்றே, பொருந்தித்தான் இருந்தது. சுவர்த் துளையின்மேல் மாமா அன்பாக அனுப்பியிருந்த சண்முகசுந்தரம் உர நிலையத்துக் காலண்டரை மாட்டினார்கள். மலைமேல் தலை முதல் கால்வரை கம்பளியைப் போர்த்தினார்கள். இந்த ஊரில் காலை பதினோரு மணிக்கு ஒருவன் இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடந்தால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். நைட் ஷிஃப்ட் முடித்தவன் தூங்குகிறான், அவ்வளவுதான். வேகன்களைக் காலி செய்து, வண்டியை மூன்றாவது அறையில் நிறுத்தி, ரகுவைக் காவலுக்கு வைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சண்முகசுந்தரம் மறைமலை நகரில் பஸ்ஸை விட்டு இறங்கினார். சுகப்பிரியா போய்க் கூட்டிக்கொண்டு வந்தாள். வெள்ளைச் சட்டை, கட்டையான மீசை, கக்கத்தில் ஒரு பை. காசிராஜன் டம்ளரில் தண்ணீர் நீட்டினான். அவர் வாங்கி, குடிக்காமல், பக்கத்து ஸ்டூலில் வைத்துவிட்டு, இருக்கட்டும் தம்பி என்றார். பிறகு பரிசோதனை. கதவுத் தாழ்ப்பாளை ஆட்டினார். அலமாரிக்குப் பின்னால் பாட்டில் ஏதும் உருள்கிறதா என்று பார்த்தார். தன் காலண்டரைக் கண்டதும் மீசை லேசாக அசைந்தது. சுகப்பிரியா கண்ணைச் சுழற்றிச் சுழற்றி எதையோ தேடினாள். அப்புறம், பாத்ரூம் எங்கே என்று கேட்டுக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போய்விட்டாள்.

சண்முகசுந்தரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கட்டிலைப் பார்த்தார். படுத்திருப்பது யார் என்று கேட்டார். அடுத்த ரூம் உச்சிமாகாளி, நைட் ஷிஃப்ட், இப்போதுதான் கண்ணயர்ந்தான் என்றான் காசிராஜன். நல்ல வளர்த்தி என்றார் அவர். வயிறு மட்டும் கூரையைப் பார்க்கிறதே என்றார். பரோட்டா அதிகம் சாப்பிடுவான் என்றான் காசிராஜன். இவ்வளவு சத்தத்திலும் அசையாமல் தூங்குகிறானே, உழைப்பாளி என்று அவர் மெச்சினார்.

அந்த உழைப்பாளி அப்போதுதான் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி, குளிக்காத தலையோடு உள்ளே வந்தான். பெரியவர் வந்திருந்தால் அண்ணனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். அவன் கட்டிலில் தூங்கிக்கொண்டிருக்கிறான் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, பாடம் ஒப்பிக்கிற மாதிரி, தான் உச்சிமாகாளி என்றும், அண்ணன் தங்கமான மனுஷன், பொய்யே பேசமாட்டார் என்றும் சொன்னான்.

சண்முகசுந்தரம் அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு காசிராஜனைப் பார்த்தார்.

“அப்பம் கட்டில்ல கெடக்கது யாரு தம்பி?”

காசிராஜன் வாயைத் திறந்தான். அவனுக்கு முன்னால் விசில் பதில் சொல்லிவிட்டது.

நடந்தது இதுதான். பெரியவர் வந்த சத்தம் கேட்டதும் ரகு மூன்றாவது அறையில் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு மீதி டிக்கைப் போட்டான். தரை சுத்தம், டிக். குப்பைக்கூடை காலி, டிக். பதினேழாவது வரிக்கு வந்தான். கஸ்டமர் வரும்போது லைன் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. கம்பெனியில் லைன் என்றால் உற்பத்தி வரிசை, காசிராஜன் அந்தப் பட்டியலை யோசிக்காமல் அப்படியே காப்பியடித்திருந்தான். ரகுவும் யோசிக்கவில்லை. விளக்கை ஏற்றினான், ஆவி கிளம்பும்வரை பொறுமையாக நின்றான், கைப்பிடியைத் திருப்பினான், டிக் போட்டான்.

காலண்டர் மெல்ல மேலே எழும்பியது. அதற்கு அடியிலிருந்து புகை விட்டுக்கொண்டு காந்திமதி வந்தாள். கொடியில் தொங்கிய முதல் வேட்டியின் நுனி இஞ்சினில் மாட்டியது. அது இரண்டாவதை இழுத்தது, இரண்டாவது மூன்றாவதை இழுத்தது, அமைச்சர் வந்து திரை திறக்கிற மாதிரி எல்லா வேட்டியும் சரிந்து தரையில் விழுந்தது. தண்டவாளம், சிக்னல், பென்னலூர் சந்திப்பு என்ற பெயர்ப்பலகை, எல்லாம் பளிச்சென்று நின்றன. வண்டி சுவரோடு திரும்பிக் கட்டிலுக்குப் போய், படுத்திருந்தவனின் காலடியில் கம்பளிக்குள் நுழைந்தது. கம்பளி அங்கங்கே புகைந்தது. தலைமாட்டில் விசிலடித்துக்கொண்டு வெளியே வந்து, ஏழு காலி வேகனோடு, சண்முகசுந்தரத்தின் முழங்கையை உரசாத குறையாகக் கடந்து, காலண்டருக்கு அடியில் போய் மறைந்தது. காலண்டர் பழையபடி சுவரில் வந்து அடித்துக்கொண்டது.

சண்முகசுந்தரம் ஆடும் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. காசிராஜன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஏழாவதும் போயிற்று என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. இந்தத் தடவை வலித்தது. போகிறது போகட்டும், மிச்சத்தையாவது மறைக்காமல் சொல்லிவிடுவோம் என்று தோன்றியது.

“என் வண்டிதான் மாமா. ஒளிச்சு வச்சது என் தப்பு. அவகிட்டயும் சொல்லல, சொன்னா போயிருவாளோன்னு பயம். நீங்க எந்திச்சுப் போனா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா இதக் கழட்டிப் போட்டா பொண்ணு தாறோம்னு மட்டும் சொல்லிராதிய. என்னால முடியாது.”

வண்டி அடுத்த அறைகளில் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரகடத்தைத் தாண்டும் சத்தம் கேட்டது, மறைமலை நகரில் சற்று நின்று கிளம்பும் சத்தம் கேட்டது. காலண்டர் எழும்பியது, வண்டி வந்தது, போயிற்று. காசிராஜன் தலையைத் தூக்கவில்லை. ஆனால் நடுநடுவே கடக், கடக் என்று ஒரு சத்தம். காந்திமதியின் சத்தம் ஒவ்வொன்றும் அவனுக்கு மனப்பாடம், இது அவளுடையது இல்லை. எந்த இணைப்பு கழன்றது என்று பதறினான். உச்சிமாகாளி அவன் முதுகில் சுரண்டி, கண்ணாலேயே காட்டினான்.

மூன்றாவது சுற்று வந்தது. காலியாகப் போன வேகன்களில் கருப்பட்டி குவிந்திருந்தது. சண்முகசுந்தரம் வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கண் இஞ்சின் தடிகளோடு முன்னும் பின்னும் போய் வந்துகொண்டிருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது. கை மட்டும் அவரைக் கேட்காமல், ஓடும் வேகனிலிருந்து ஒரு துண்டை லாகவமாக எடுத்து வாயில் போட்டது. கடக். அடுத்த வேகன் வந்தது, இன்னொன்று எடுத்தது. தான் தின்கிறோம் என்பது அவருக்கே தெரியாது.

ரகுவின் பட்டியலில் சரக்கு ஏற்றச் சொல்லி வரி எதுவும் கிடையாது. பின்னே யார் ஏற்றியது என்று காசிராஜன் திரும்பிப் பார்த்தான். வாசலில் சுகப்பிரியா நின்றாள். கையெல்லாம் கரி, கன்னத்திலும் ஒரு இழுப்பு. வண்டி கிளம்ப ரகு காட்டும் பச்சைக் கொடியை இடுப்பில் செருகியிருந்தாள். அவளுக்குப் பின்னால் ரகு பட்டியலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“பதினேழாவது பாயின்ட் தலைவா,” என்றான் ரகு. “லைன் ஓடினுருக்கணும்னு நீதானே எழுதிக் குட்த்த. லோடு ஏத்தனது நான் இல்ல, அவங்கோ.”

சுகப்பிரியா அவனைக் கண்டுகொள்ளவில்லை. மாமாவிடம் போய், கை நனைத்துவிட்டீர்களே என்றாள். சண்முகசுந்தரம் திடுக்கிட்டுத் தன் விரல்களைப் பார்த்தார். கருப்பட்டி காய்ந்த சாமான், அது எப்படிக் கை நனைத்த கணக்கில் வரும் என்று வாய் நிறைய வைத்துக்கொண்டே வாதாடினார். இரண்டு நடை அனுப்பினேன், எண்ணித்தான் ஏற்றினேன், பதினோரு துண்டு குறைகிறது என்றாள் அவள். மாமாவுக்குக் கருப்பட்டியைக் கண்டால் கை நிற்காது என்பது நாங்குநேரி முழுக்கத் தெரிந்த விஷயம். அவர் தண்ணீர் டம்ளரைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார், வாயில் இருந்ததை மென்று விழுங்கினார்.

பிறகு அவள் காசிராஜன் பக்கம் திரும்பினாள். அவளுக்குக் கோபம் வந்திருந்தது.

“எழிலரசி என் ரூம்மேட்டு. ஒரு ஆளு மூணு ரூமுக்கு ரயிலு விட்டிருக்காருன்னு ஒரு வாரமாச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. அதக் கேட்டுத்தான் நான் ஜாதகமே அனுப்பச் சொன்னேன். மூணு வாரமா லீவு நாள்ல என்ன செய்விய, என்ன செய்வியன்னு கேக்கேன், துணி தொவைக்கேன், துணி தொவைக்கேன்னு சொல்லுதிய. எத்தன துணிதான் தொவைப்பிய? அந்த மலை மேல கெடக்க கம்பளிய மொதல்ல எடுங்க.”

காசிராஜனுக்கு வெட்கம் ஒரு பக்கம், சந்தோஷம் ஒரு பக்கம். கம்பளியை உச்சிமாகாளிதான் இழுத்தான். மலை, குகை, எழிலரசி சாய்த்துவிட்டுப் போன இரண்டு மரம், எல்லாம் வெளியே வந்தன. சுகப்பிரியா குனிந்து அந்த மரங்களை நிமிர்த்தி வைத்தாள். சத்தம் கேட்டு சந்திரம்மாள் வந்து எட்டிப் பார்த்தாள். சுவர்த் துளையை, புகையை, மகனை வரிசையாகப் பார்த்துவிட்டு, இதானாடா ஏசி என்று மட்டும் கேட்டாள். அதற்கும் ரகுவிடம் டிக் போடக் கட்டம் இல்லை.

நான்காவது சுற்றில் காந்திமதி சோர்ந்தாள். மலையேறும்போதே இழுத்து இழுத்து மூச்சு வாங்கினாள். குகையை விட்டு வெளியே வந்து, சண்முகசுந்தரத்தின் நாற்காலிக்கு ஒரு முழம் முன்னால், உஸ்ஸென்று நின்றேவிட்டாள். சரக்கு நிறைந்த வேகன்கள் பின்னால் வரிசையாக நின்றன. காற்றில் நீண்டிருந்த கை எட்டிப் பார்த்தது, எட்டவில்லை. பெரியவர் இஞ்சினையும் வேகனையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகம் கல்யாணப் பந்தியில் இலை போட்டும் பரிமாற ஆள் வராமல் உட்கார்ந்திருப்பவர் முகம் மாதிரி ஆகிவிட்டது.

“மாப்ள, வண்டி ஏன் நின்னு போச்சு?”

காசிராஜனுக்கு முதல் வார்த்தைக்குப் பிறகு எதுவும் காதில் விழவில்லை. சுகப்பிரியாதான், மாமா தொடாமல் வைத்திருந்த தண்ணீர் டம்ளரை ஸ்டூலிலிருந்து எடுத்து அவன் கையில் கொடுத்து, காந்திமதிக்குத் தாகம், ஊற்றுங்கள் என்றாள்.